முதல் வேட்டு

துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் சப்ரசரை வாங்கப் போனால் கண்ணில் முதலில் படுவது ஓர் எண்தான். இந்த மாடல் இத்தனை டெசிபல் குறைக்கும், அந்த மாடல் அதைவிட இரண்டு டெசிபல் கூடுதலாகக் குறைக்கும் என்று எழுதியிருக்கும். வாங்குபவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அதிகமாகக் குறைப்பதை எடுத்துக்கொண்டு போவார். அந்த எண் பெரும்பாலும் ஒரு சராசரி. ஐந்து முறையோ பத்து முறையோ சுட்டு, கிடைத்த அளவுகளைக் கூட்டி வகுத்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு வேட்டு மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். அது முதல் வேட்டு. பெரும்பாலும் அதுதான் எல்லாவற்றிலும் சத்தமானது. வேட்டைக்காரர் காட்டில் பெரும்பாலும் சுடுவதும் அந்த ஒன்றை மட்டும்தான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவே: சராசரியைப் பார்த்து காதைப் பணயம் வைக்காதீர்கள், முதல் வேட்டைத் தனியாகக் கேளுங்கள்.

நான் பின்லாந்தில் தம்பெரே பக்கம் குடியிருக்கிறேன். இயந்திரங்களின் இரைச்சலை அளப்பது என் பிழைப்பு. துப்பாக்கியின் மேல் எனக்குத் தனி ஆசை எதுவும் கிடையாது. ஆனால் இங்கே இலையுதிர் காலம் வந்துவிட்டால் மூஸ் மான் வேட்டை தொடங்கிவிடும். உடன் வேலை செய்பவர்களில் பலரும் லீவு போட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார்கள். மூத்த வேட்டைக்காரர்களோடு உணவு மேசையில் உட்காரும்போது ஒன்றைக் கவனித்தேன். இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் அவர்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. வலக்கைக்காரர் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறிபார்க்கும்போது இடது காது குழலின் முனையை நோக்கித் திரும்பியிருக்கும். வலது காது தலையின் நிழலில் ஒதுங்கிக்கொள்ளும். அதனால் இடது காது முதலில் போகிறது. இது காது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நான் அதை மேசையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

இந்த நாட்டில் வேட்டைத் துப்பாக்கியில் சப்ரசர் இருப்பது சர்வ சாதாரணம். நார்வே, ஸ்வீடனிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவு கூடாது, நாயின் காது கெடக்கூடாது, தன் காதும் கெடக்கூடாது என்று மாட்டுகிறார்கள். சினிமாவில் வருகிற கொலைகாரனின் கருவி என்ற நினைப்பே இங்கே யாருக்கும் வராது. நண்பர் ஒருவர் தன் சுடுதளத்துக்கு மைக்கும் பதிவுக் கருவியும் கொண்டுவரச் சொன்னபோது, என் தொழிலுக்கு நெருங்கிய வேலைதானே என்று போனேன். அன்றைக்கு .22 என்ற சின்னத் தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கி ஒன்றில் மெல்லிய சப்ரசர் மாட்டிச் சுட்டார்கள். முதல் வேட்டு 'டப்' என்று வெடித்தது. அடுத்தவை எல்லாம் 'டிக், டிக்' என்று போயின. அதே துப்பாக்கி, ஒரே டப்பாவிலிருந்து எடுத்த தோட்டாக்கள். மைக்கே தேவையில்லை, பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் வித்தியாசம் கேட்டது.

சுடுபவர்கள் இதற்கு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பாப் என்று பேர் வைத்திருக்கிறார்கள். சுருக்கமாக எஃப்ஆர்பி.

காரணம் சப்ரசருக்குள் இருக்கிற காற்று. துப்பாக்கி மருந்து நைட்ரோசெல்லுலோஸ் சேர்ந்தது. தான் முழுதாக எரியத் தேவையான ஆக்சிஜன் அதனிடம் கிடையாது. அதனால் குண்டைத் தள்ளிவிட்டு வெளியே வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் எரியாமல் மிச்சம் இருக்கும். இரண்டும் நல்ல எரிபொருள்கள், அதுவும் கொதிக்கிற சூட்டில் வருகின்றன. சப்ரசர் என்பது தடுப்புத் தட்டுகள் அடுக்கிய ஒரு குழாய். சுடுவதற்கு முன்னால் அதற்குள் சாதாரணக் காற்றுதான் நிரம்பியிருக்கும், ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜனோடு. சூடான எரிபொருள் வாயு அதில் கலந்ததும் உள்ளேயே இன்னொரு தடவை பற்றிக்கொள்கிறது. அந்த இரண்டாவது எரிதலின் அழுத்தம்தான் 'டப்'. முதல் வேட்டு முடிந்ததும் உள்ளே மிச்சம் இருப்பது எரிந்த புகை. அடுத்த வேட்டு வரும்போது பற்றிக்கொள்ள ஆக்சிஜன் இருக்காது. ஓடுகிற புல்லட் பைக்கில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் சைலன்சரிலிருந்து 'பட் பட்' என்று வெடிக்குமே, அதுவும் இதே கதைதான். எரியாமல் தப்பி வந்த பெட்ரோல் ஆவி சைலன்சருக்குள் காற்றைச் சந்திக்கிறது.

இந்த விளக்கம் கேட்க நன்றாக இருந்தாலும், எனக்கு எண் போட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும். ஒரு சின்ன .22 சப்ரசரின் உள்வெளி சுமார் 40 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் காற்றில் ஆக்சிஜன் 0.28 கிராம் அளவு இருக்கும். அப்படியானால் அந்தக் குழாய்க்குள் இருப்பது 0.011 கிராம். ஒரு கிராம் ஆக்சிஜன் கார்பன் மோனாக்சைடை எரித்தால் 17 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வரும். ஆக, உள்ளே இருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்தால் கிட்டத்தட்ட 200 ஜூல். இது சின்ன எண்ணா பெரிய எண்ணா? .22 கைத்துப்பாக்கியின் குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது சுமக்கும் ஆற்றல் ஏறக்குறைய 120 ஜூல்தான்! தோட்டாவில் இருக்கும் மருந்தே 0.08 கிராம் அளவுதான்; அது முழுக்கத் தரும் ஆற்றலில் பாதிக்கு மேல், சப்ரசருக்குள் சும்மா கிடக்கிற காற்றால் கூடுதலாக வந்து சேரலாம்.

முழுதும் எரியாது என்பது உண்மை. குண்டுக்கு முன்னாலேயே கொஞ்சம் காற்று வெளியே தள்ளப்பட்டுவிடும், மிச்சத்தில் எல்லா இடத்திலும் கலவை சரியாக அமையாது. இருந்தாலும் மேல் வரம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தபோது எனக்கு அந்த 'டப்' புரிந்துவிட்டது.

இதே கணக்கை .308 என்ற பெரிய தோட்டாவைச் சுடும் வேட்டைத் துப்பாக்கிக்குப் போடலாம். சப்ரசர் பெரியது, உள்வெளி 350 கன சென்டிமீட்டர் என்று கொண்டால் ஆக்சிஜன் 0.1 கிராம். ஆனால் மருந்து 3 கிராமை ஒட்டி இருக்கும். காற்று தரக்கூடிய கூடுதல் வெப்பம் மருந்தின் ஆற்றலில் ஆறேழில் ஒரு பங்குதான். .22 கைத்துப்பாக்கியில் எஃப்ஆர்பி காதுக்குப் பளிச்சென்று தெரிவதும், பெரிய ரைஃபிளில் சில டெசிபலோடு நின்றுவிடுவதும் இந்த விகிதத்தோடு நன்றாகப் பொருந்துகின்றன. நீளமான குழல் கொண்ட .22 ரைஃபிளில் முதல் வேட்டு அவ்வளவாக வெடிப்பதில்லை. நீண்ட குழலில் வாயு விரிந்து ஆறிப்போய் வருவதால் பற்றிக்கொள்ளும் சூடு குறைந்துவிடுகிறது. குழல் குட்டையானால் எல்லாம் தலைகீழ். இருட்டில் பார்த்தால் இது கண்ணுக்கும் தெரியும்: முதல் வேட்டில் சப்ரசரின் வாயில் ஒரு தீப்பொறி மின்னும், அடுத்தவற்றில் மங்கிவிடும்.

அப்படியானால் முதல் வேட்டு என்பது ஒரு நாளின் முதல் வேட்டு மட்டும்தானா? இல்லை. கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் புகை வெளியேறி, காற்று மறுபடி உள்ளே வந்துவிடும். சூடான சப்ரசரை நிமிர்த்தி வைத்து, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டையும் திறந்துவிட்டால் புகைபோக்கி மாதிரி இன்னும் சீக்கிரம். தோட்டா நிரப்பி, இலக்கு அட்டையை மாற்றி, நாலு வார்த்தை பேசிவிட்டு வந்து சுட்டால் அது மறுபடியும் முதல் வேட்டுதான்.

அளப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் உலவும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை போனில் எடுத்த வீடியோக்கள். துப்பாக்கி வேட்டின் அழுத்த உச்சி சில பத்து மைக்ரோ விநாடிகள்தான் நிற்கும். சாதாரண ஆடியோ பதிவு ஒலியை விநாடிக்கு 48,000 தடவை அளந்து குறித்துக்கொள்கிறது. இரண்டு அளவுகளுக்கு நடுவே 21 மைக்ரோ விநாடி இடைவெளி. உச்சி அந்த இடைவெளியில் நழுவிவிடலாம். அது போக, போனின் மைக் இந்த அழுத்தங்களுக்குச் செய்யப்பட்டதே இல்லை. அலையின் தலையை வெட்டிவிட்டு, எல்லா வேட்டையும் ஒரே உயரத்தில் காட்டும். முதல் வேட்டுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடுகிறவருக்கு இதைவிட மோசமான கருவி கிடையாது.

இந்தத் துறையில் வெகுகாலம் வேதமாக இருந்தது அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-1474டி தரநிலை, 1997-இல் வந்தது. குழல் முனையிலிருந்து இடப்பக்கம் 1 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் மைக். கருவியின் எழும்பு நேரம், அதாவது திடீரென்று ஏறும் அழுத்தத்தை அது எட்டிப்பிடிக்க எடுக்கும் நேரம், 20 மைக்ரோ விநாடிக்குள் இருக்க வேண்டும். இதற்கு புரூயெல் அண்ட் கெயர் நிறுவனத்தின் 2209 என்ற பழைய அனலாக் மீட்டரைத்தான் பலரும் வைத்திருந்தார்கள். நல்ல கருவிதான். ஆனால் ஒரு வேட்டுக்கு ஓர் உச்சி எண்ணை முள் காட்டும், நீங்கள் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. அலையின் வடிவம் தெரியாது. இப்போது அதிவேகப் பதிவுக் கருவிகள் வந்துவிட்டதால் முழு அலையையும் பார்க்க முடிகிறது. முதல் வேட்டில் முதன்மை வெடிப்புக்குப் பின்னாலேயே இன்னொரு மேடு எழுவதைத் திரையில் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அது அளவீட்டுக்காரர்களுக்கு மட்டுமே புரியும்.

இனி சராசரிக்கு வருவோம். இதுதான் என்னை உறுத்துகிற இடம்.

ஒரு கற்பனை உதாரணம். ஐந்து வேட்டுகள்: 141, 138, 138, 138, 138 டெசிபல். சராசரி 138.6. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி இப்படிப்பட்ட வெடிப்பொலிக்கு 140 டெசிபல் உச்சியை எல்லையாக வைத்திருக்கிறது. சராசரி எல்லைக்கு உள்ளே வந்துவிட்டது, எனவே இது 'காதுக்குப் பாதுகாப்பானது' என்று எழுதிவிடுவார்கள். முதல் வேட்டு எல்லையைத் தாண்டியது எங்கும் பதிவாகாது. 3 டெசிபல் என்றால் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கக்கூடாது. ஆற்றலில் அது இரட்டிப்பு. 8 டெசிபல் வித்தியாசம் வந்தால் ஆறு மடங்குக்கும் மேல். 140 டெசிபல் என்பதே 200 பாஸ்கல் அழுத்தம். அதைப் பாதுகாப்பின் எல்லை என்று சொல்வதைவிட ஆபத்தின் எல்லை என்று சொல்வது சரி. குழந்தைகளுக்கு 120-ஐத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இலேயே சொன்னது.

சராசரி எடுப்பது எப்போது நியாயம்? அளவுகள் எல்லாம் ஒரே மாதிரியான சூழலில் வந்து, அங்கே இங்கே தற்செயலாகச் சிதறும்போது. முதல் வேட்டு தற்செயலாக உயரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, அது ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வரும். வரிசையில் முதலில் நிற்பதைப் பத்தோடு பதினொன்றாகக் கலக்கிவிட்டால் தகவல் அழிந்துபோகிறது. பத்து வேட்டு சுட்டால் ஐந்து சுட்டதைவிடச் சராசரி அழகாக இருக்கும், ஏனென்றால் அந்த ஒற்றை வேட்டின் கனம் இன்னும் நீர்த்துப்போகும். யாரும் ஏமாற்ற வேண்டியதே இல்லை, கணக்கே அதைச் செய்துவிடும்.

எதிர்ப்பக்கமாக நகரும் சப்ரசர்களும் உண்டு, அவை முதலில் அமைதியாகத் தொடங்கிப் போகப்போகச் சத்தமாகும். கொஞ்சம் தண்ணீரோ ஜெல்லோ உள்ளே விட்டுச் சுடும் வகை அப்படி. தண்ணீர் ஆவியாவதற்கு வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, வாயு குளிர்ந்து அழுத்தம் இறங்குகிறது, முதல் வேட்டின் 'டப்'பும் அடங்கிவிடுகிறது. சில வேட்டுகளில் ஈரம் தீர்ந்ததும் பழைய நிலை.

குண்டு துளைத்துக்கொண்டு போகிற ரப்பர் வட்டுகளை வைத்த பழைய கருவிகள் இதற்கும் ஒரு படி மேல். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவுப் படைக்காகச் செய்த வெல்ராட் கைத்துப்பாக்கியில் தடுப்புத் தட்டுகளோடு இப்படி வட்டுகளும் இருந்தன. பத்துப் பதினைந்து வேட்டுகளில் அவற்றின் துளை பெரிதாகி, சத்தம் ஏறத் தொடங்கும். வியட்நாம் போரில் அமெரிக்கக் கடற்படையின் சீல் சிறப்புப் படை வீரர்கள் வைத்திருந்த 'ஹஷ் பப்பி' என்ற கைத்துப்பாக்கியின் சப்ரசரிலும் இதே ஏற்பாடு. இருபது வேட்டு சொச்சத்துக்குள் உள்ளீட்டையே மாற்ற வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஒரே ஒரு டெசிபல் எண்ணைச் சொன்னால் அது எத்தனையாவது வேட்டுக்கான எண்?

1909-இல் ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் தன் துப்பாக்கி சைலன்சருக்கு, அதாவது இன்றைய சப்ரசரின் முன்னோடிக்கு, காப்புரிமை வாங்கியபோது இந்தக் கேள்விகளை எண்ணால் கேட்க வழியே இல்லை. டெசிபல் என்ற அலகே 1920-களில்தான் பெல் ஆய்வகத்தில் வந்தது. அவர் கூட்டத்தைக் கூட்டிச் சுட்டுக் காட்டினார், கேட்டவர்கள் வியந்தார்கள். இன்று நம்மிடம் மைக்ரோ விநாடிக் கணக்கில் அளக்கும் கருவி இருக்கிறது. ஆனாலும் வாங்குபவரிடம் போய்ச் சேருவது ஒற்றை எண்தான்.

வேட்டுக்கு வேட்டு மாறும் இன்னொரு சத்தம் சப்ரசரின் கைக்கே எட்டாதது. குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டினால் காற்றில் சாட்டை அடித்த மாதிரி ஒரு 'கிராக்' எழும். குண்டு குழலை விட்டு வெளியே வந்தபின் வழி நெடுக எழும் சத்தம் அது, சப்ரசரால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் .22-இல் அமைதி வேண்டுபவர்கள் ஒலிவேகத்துக்குக் கீழே ஓடும் தோட்டாக்களை வாங்குகிறார்கள், விநாடிக்கு 320 மீட்டரை ஒட்டி. 20 டிகிரி செல்சியஸ் வெயிலில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் ஓடும். நிறைய இடைவெளி இருக்கிறது. இங்கே குளிர்காலத்தில் மைனஸ் 20 சகஜம். அப்போது ஒலியின் வேகம் 319-க்கு இறங்கிவிடும். குளிரில் மருந்தும் சற்று மந்தமாகும் என்பதால் குண்டின் வேகமும் கொஞ்சம் குறையும். ஆக இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். ஒரே டப்பாத் தோட்டாக்களில் வேகம் சில மீட்டர்கள் முன்னே பின்னே இருப்பது இயல்பு. விளைவு, ஒரு குண்டு 'டிக்' என்று போகும், அடுத்தது 'கிராக்' என்று கிழிக்கும், அதற்கடுத்தது மறுபடி 'டிக்'. சப்ரசர் பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கழற்றிப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் 1934 முதல் சப்ரசர் வாங்க 200 டாலர் வரி கட்ட வேண்டியிருந்தது. 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது பூஜ்யமாகிவிட்டது. பதிவு செய்யும் விதி அப்படியே இருக்கிறது, 8 மாநிலங்களில் தனியார் வைத்திருப்பதற்குத் தடையும் தொடர்கிறது. இருந்தாலும் புதிதாக வாங்குபவர்கள் பெருகுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்களும் கடையில் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

மறுபடி காட்டுக்கு வருகிறேன். மூஸ் வேட்டையில் நாய் குரைப்பதை வைத்துத்தான் விலங்கு இருக்கும் திசை தெரியும். அதனால் பலர் காதை மூடாமல் நிற்கிறார்கள். சப்ரசர் இருக்கிறதே என்ற தைரியம் வேறு. மணிக்கணக்கில் காத்திருந்து ஒரு வேட்டு, அதுவும் முழுக்கக் காற்று நிரம்பிய, குளிர்ந்த சப்ரசர் வழியாக. பெரிய சத்தம் வந்தால் நடுக்காதின் சிறு தசைகள் இறுகி உள்காதைக் கொஞ்சம் காக்கும். ஆனால் அவை இறுகப் பல பத்து மில்லி விநாடிகள் ஆகும். வேட்டு சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடுகிறது. துப்பாக்கியின் பக்கம் பார்த்தாலும், காதின் பக்கம் பார்த்தாலும், மிக மோசமாக அமைவது அதே முதல் வேட்டுதான். ஒலியை உணரும் மயிர்செல் உள்காதில் ஒருமுறை செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. சப்ரசர் மாட்டியிருந்தாலும் எலெக்ட்ரானிக் இயர்மஃப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அது நாயின் குரைப்பைப் பெருக்கித் தரும், வேட்டு வந்தால் அடக்கிவிடும்.

முதல் வேட்டைத் தனியாக அளந்து வெளியிடும் சோதனையாளர்கள் இப்போது சிலர் இருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு முதல் வேட்டை அளந்து அட்டவணையின் மூலையில் போடுவது போதாது. அதுவும் சிதறும் எண்தான். அதற்கும் பல தடவை எடுத்த அளவு வேண்டும். ஒவ்வொரு முறையும் சப்ரசர் ஆறி, புகை வெளியேறி, காற்று நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு மேகஸின் காலியாக ஒரு நிமிடம் போதும். முதல் வேட்டுகளை மட்டும் அத்தனை எண்ணிக்கையில் சேர்க்க ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அதுதான் யாரும் செய்ய விரும்பாததற்குக் காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் சுடுதளத்தில் இப்போது தாளில் வேட்டுகளைச் சுட்ட வரிசையிலேயே எழுதுகிறோம். ஒவ்வொன்றின் எதிரேயும் முந்தைய வேட்டிலிருந்து எத்தனை நிமிடம் ஆனது, காற்றின் வெப்பநிலை என்ன, போல்ட் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று குறிக்கிறோம். சராசரி என்ற கட்டத்தைத் தாளிலிருந்து எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: முதல் வேட்டுகளில் அதிகபட்சம் ஒன்று, மற்ற வேட்டுகளில் அதிகபட்சம் ஒன்று.